மொறிஸ் மைனர்: பாசிக்குடாக் கரையோரத்தில் வாங்குதலும் பழுதறிதலும்

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான சிறிய கார் மொறிஸ் மைனர். சுமார் 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. 1977 வரை நீடித்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் இலங்கையில் இவை திரும்பத் திரும்பப் பழுதுபார்க்கப்பட்டு ஓடின; கொழும்பில் வாடகைக் காராகவும் ஓடியதுண்டு.

வண்டியின் வயதை முன்கண்ணாடி சொல்லும். நடுவில் பிளந்த கண்ணாடி 1956 வரை. அதன்பின் ஒற்றைக் கண்ணாடியும் 948 சிசி எஞ்சினும், 1962 முதல் 1098 சிசியும் வந்தன. அன்றாட ஓட்டத்துக்குக் கடைசியானதே நல்லது. இலக்கத்தகடும் ஒரு தடயம்: 1957இல் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தது, தமிழ்ப் பகுதிகளில் அதற்கு எதிராகப் போராட்டமும் நடந்தது. 1957க்கு முந்தியவை ஆங்கில எழுத்து வண்டிகள்.

வாங்கப் போகிறவர் முதலில் பொனற்றைத் திறப்பார். பாசிக்குடா, கல்குடா, வாழைச்சேனைப் பக்கம் அது தவறான தொடக்கம். எஞ்சினை எந்தக் கராஜிலும் சரிக்கட்டலாம். உப்புக்காற்று தின்ற தகட்டை அப்படிச் செய்ய முடியாது. இந்தக் காருக்குத் தனிச் செசி இல்லை, உடலே எலும்புக்கூடு. ஆகவே கதவுக்குக் கீழுள்ள பக்கத் தகடுகளையும், முன் இருக்கைக்கு அடியில் செல்லும் குறுக்குச் சட்டத்தையும், பின் வில்லுத்தகடு பொருந்தும் இடங்களையும் பாருங்கள். முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனை அந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் பிடிபட்டிருக்கிறது. காந்தம் ஒட்டாத இடத்தில் புட்டி பூசியிருக்கும். ஜாக்கியில் தூக்கியதும் கதவு இறுகினால் உள்ளே கறள் முற்றிவிட்டது.

முன்சக்கரத்தின் கீழ்த் திருகுமூட்டு (கராஜில் ‘ட்ரனியன்’) இதன் பெயர்பெற்ற பலவீனம். 1,600 கிலோமீற்றருக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்காவிட்டால் திருகு தேய்ந்து, ஒரு நாள் சக்கரம் சாய்ந்து விழும்.

ஸ்டார்ட் ஆகாவிட்டால் சாவியைத் திருப்பிக் காதைக் கொடுங்கள். பெற்றோல் பம்ப் சில முறை ‘டிக் டிக்’ என்று அடித்து நின்றால் நலம். சத்தமே இல்லையென்றால் அதன் தொடுமுனைகள் தீய்ந்திருக்கலாம். மெல்லத் தட்டினால் வீடு வந்து சேரலாம். ஓயாமல் அடித்தால் குழாயில் காற்றுக் கசிவு, அல்லது தாங்கியில் பெற்றோல் இல்லை. பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணையும். புதிய வண்டிகளில் பழகிய கை இதில் தவறும்.

பல வண்டிகளில் இப்போது இருப்பது ஜப்பானிய எஞ்சின். அதன் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

தகட்டுப் பாகங்களுக்கு எப்போதும் கப்பலை எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. 1990களில் இலங்கையில் செய்த மைனர் பாகங்கள், இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொறிஸ் மைனர் நிலையத்துக்கே ஏற்றுமதியாயின.