காளிக்கு இடம் கிடைத்த கதை

பொட்டி தட்டுற பொழப்புல நாலு நாள் சேர்ந்தாப்ல லீவு கிடைக்கிறதே பெரிய விஷயம். அப்படிக் கிடைச்ச லீவுல அப்பா, அம்மா, அக்கா பசங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு, தீம் பார்க்கோட ஒட்டின ரிசார்ட் ஒண்ணுல ரெண்டு ராத்திரி தங்கிட்டு வரலாம்னு ப்ளான் போட்டேன். ஊருக்கு போன் பண்ணிச் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "மணியை என்ன பண்றது?"

மணி எங்க வீட்டு நாய். ஜாதி கீதி எல்லாம் இல்லை, சாதா நாட்டு நாய். அப்பா ரிட்டையர் ஆன வருஷம் மழைக்குத் திண்ணையில வந்து ஒதுங்கினது, அப்படியே தங்கிடுச்சு. அதுல இருந்து அப்பா ஒரு ராத்திரி கூட வெளியூர்ல படுத்ததில்லை. சொந்தக்காரங்க கல்யாணமா இருந்தாலும் சாப்பிட்டுட்டு கடைசி பஸ்ஸைப் பிடிச்சு திருநாவலூர் வந்து சேர்ந்துடுவார்.

ரிசார்ட்டுக்கு போன் போட்டேன். "சாரி சார், பெட்ஸ் நாட் அலவ்ட்." அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. ஆயிரம் பேர் வந்து போற இடம், நாய்னா பயப்படுற குழந்தைங்க எத்தனையோ இருக்கும். ஆனா அப்பா வரமாட்டேன்னுட்டார்.

கடுப்புல ராத்திரி உக்காந்து, உலகத்துல எவன்தான் விடறான்னு தேட ஆரம்பிச்சேன். அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல இருக்கிற வால்ட் டிஸ்னி வேர்ல்டு 1971ல திறந்தது. ப்ளூட்டோன்னு ஒரு நாயை உலகம் பூரா பிரபலமாக்கின கம்பெனி. ஆனா நிஜ நாய்க்கு அவங்க ஹோட்டல் ரூமுக்குள்ள இடம் கொடுத்தது 2017 அக்டோபர் 15ல இருந்துதான். அதுவும் பரிசோதனை மாதிரி, நாலே நாலு இடத்துல. ரூமுக்கு ரெண்டு நாய் வரைக்கும். ஒரு ராத்திரிக்கு ஹோட்டலைப் பொறுத்து 50 டாலரோ 75 டாலரோ தனியா கட்டணும். தண்ணி குடிக்கக் கிண்ணம், படுக்க விரிப்பு, உள்ளே நாய் இருக்குன்னு கதவுல மாட்ட ப்ளூட்டோ படம் போட்ட அட்டை எல்லாம் கொடுத்தாங்க. நம்மூர் ரயில்வே இந்த விஷயத்துல ரொம்ப சீனியர். ஃபர்ஸ்ட் க்ளாஸ்ல கூப்பே முழுசையும் நமக்கே எடுத்தா நாய் நம்மளோட வரலாம். இல்லேன்னா கார்டு வேன்ல இருக்கிற நாய்ப்பெட்டிதான் கதி.

பழைய கதைக்குப் போனா, "நாய்க்கு அனுமதி இல்லை"ன்னு கேட்ட முதல் ஆள் தர்மபுத்திரர்தான். சொர்க்க வாசல்ல ரதத்தோட நின்ன இந்திரன் நாயை விட்டுட்டு ஏறுன்னான். அப்படின்னா நான் வரலைன்னுட்டார் மனுஷன். எங்கப்பா கேஸ்தான்.

இப்படியே தேடிக்கிட்டுப் போனதுல ஒரு கல்வெட்டுல போய் முட்டிக்கிட்டேன். கர்நாடகாவுல இருக்கிற கல். ஆனா கதை எங்க ஊர்ல ஆரம்பிக்குது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

திருநாவலூர்னா எல்லாருக்கும் சுந்தரர் பிறந்த ஊர்னு தெரியும். கெடிலம் ஆத்துப் பக்கம், நாவல் மரம் தலமரம், பக்தஜனேஸ்வரர் கோயில். தென்னாற்காடா இருந்து, விழுப்புரமா ஆகி, 2019ல இருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம். ஊருக்குள்ள இன்னும் திருநாமநல்லூர்னே சொல்ற பெருசுங்க உண்டு. ஆனா சுந்தரர் அளவுக்குப் பேசப்படாத இன்னொருத்தர் இருக்கார். பராந்தக சோழரோட மூத்த பிள்ளை ராஜாதித்தன். பொன்னியின் செல்வன் படிச்சவங்களுக்கு வீராணம் ஏரியை வெட்டினவர்னு ஞாபகம் வரும். சோழ நாட்டோட வடக்கு எல்லையைக் காக்க, யானை குதிரைப் படையோட திருமுனைப்பாடி நாட்டுல வந்து உக்காந்தவர். எங்க ஊர் சிவன் கோயிலைக் கற்றளியா ஆக்கினது அவர்தான். ஊருக்கே ராஜாதித்தபுரம்னு ஒரு பேர் இருந்திருக்கு. பக்கத்துல கிராமம்னு ஒரு ஊர் இருக்கு (ஆமாங்க, ஊர் பேரே கிராமம்தான்). அங்க இருக்கிற சிவன் கோயிலைக் கல்லால கட்டினது அவரோட மலையாளச் சேனாபதி வெள்ளங்குமரன்.

949 வாக்குல ராஷ்டிரகூட ராஜா மூணாம் கிருஷ்ணன் படையோட வந்தான். நம்ம கல்வெட்டுகள்ல இவன் பேர் கன்னரதேவன். கூடவே அவன் அக்கா புருஷன், கங்க நாட்டு பூதுகன். இப்போ அரக்கோணம் பக்கத்துல இருக்கிற தக்கோலத்துல சண்டை. ராஜாதித்தன் யானை மேலயே செத்துப் போனார். சோழர் கல்வெட்டுகள்ல அவருக்கு "ஆனைமேல் துஞ்சின தேவர்"னே பேர். அதுக்கப்புறம் கன்னரதேவன் பேர்ல இருக்கிற கல்வெட்டுகளை இங்க கீழூர் கோயில்லயே பார்க்கலாம். நம்ம மண்ணு கொஞ்ச வருஷம் அவன் கையில இருந்ததுக்கு அதுவே சாட்சி.

இப்போ அந்தப் பக்கத்துக் கதை. பூதுகன்கிட்ட மணலேரன்னு ஒரு வீரன். தக்கோலத்துல தன் கண்ணு முன்னாடியே அவன் போட்ட சண்டையைப் பார்த்து பூதுகனுக்கு ஏக சந்தோஷம். மெச்சினேன், என்ன வேணும்னு கேட்கிறான். அந்தக் காலத்துல இந்தக் கேள்விக்கு ஊர் கேட்கலாம், யானை கேட்கலாம். இவன் கேட்டது பூதுகனோட நாயை. பேர் காளி.

பூதுகனும் கொடுத்துட்டான். மணலேரன் காளியைத் தன் ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போனான். மாண்டியா மாவட்டம் மத்தூர் பக்கம் ஆதகூர். தக்கோலத்துல இருந்து அது எவ்வளவு தூரம்னு மேப்புல ஒரு தடவை பாருங்க. அங்க பேள்தூர்னு ஒரு ஊருக்கு மேற்கே இருந்த மலையில ஒரு பெரிய காட்டுப் பன்னி மேல காளியை ஏவி விட்டாங்க. ரெண்டும் ஒண்ணையொண்ணு கடிச்சுக் குதறி, ரெண்டுமே செத்துப் போச்சு.

மணலேரன் ஆதகூர் சல்லேஸ்வரர் கோயில் முன்னாடி காளிக்குக் கல் நட்டான். கல்லுல நாயும் பன்னியும் மோதுற சிற்பம். கல்லுக்குப் பூஜை நடக்க நிலமும் விட்டான். எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி இனிமேதான். அந்தக் கோயில் பூசாரி இந்தக் கல்லுக்குப் பூஜை பண்ணாம சாப்பிட்டா, அந்த நாய் செஞ்ச பாவமெல்லாம் அவனைச் சேரும்! காளி அப்படி என்ன பாவம் பண்ணியிருக்கும்னு ரெண்டு நாள் யோசிச்சேன். வேட்டை நாய், எத்தனை உசுரை எடுத்திருக்கும். அதையும் மறக்காம கணக்குல வச்சிருக்கான் கல்வெட்டு எழுதினவன்.

அதே கல்லுலதான் இன்னொரு செய்தியும் இருக்கு. ராஜாதித்தனோட மோதி அவரைக் கொன்னது பூதுகன், அதுக்காகக் கிருஷ்ணன் அவனுக்குப் பனவாசி 12000, பெள்வொல 300ன்னு நாடு நாடா வாரிக் கொடுத்தான், பூதுகன் மணலேரனுக்கு ஆதகூரையும் இன்னொரு ஊரையும் வாள் கழுவின மானியமாக் கொடுத்தான் (பேரே திகிலா இருக்கில்ல?) அப்படின்னு. நம்ம பக்கத்து ஆனைமங்கலச் செப்பேடு வேற மாதிரி சொல்லுது. அதுல ராஜாதித்தனை வீழ்த்தினது கிருஷ்ணனோட அம்புகள். எது உண்மைன்னு வரலாற்றுக்காரங்க சண்டை போட்டுக்கட்டும். தக்கோலம்னு பேச்செடுத்தா யாரா இருந்தாலும் இந்த ஆதகூர் கல்லைத் தொடாம போக முடியாது. எங்க ஊர் இளவரசர் எப்படிச் செத்தார்ங்கிறதுக்கு முக்கியமான சாட்சி, அவரைக் கொன்னவனோட நாய்க்கு வச்ச கல்.

இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துச்சு. நாயைக் கேட்டு வாங்கினவன்னு மணலேரன் மேல ஒரு பாசம் வருது. ஆனா அவனுக்கு அந்த நாய் எதுக்குக் கிடைச்சது? எங்க ஆளுங்களை வெட்டிப் போட்டதுக்கு. சின்ன வயசுல நான் ஓடிப்பிடிச்சு விளையாடின கோயிலைக் கட்டினவர் தோத்த சண்டையோட பரிசு காளி. கல்லை நினைச்சுக் கண்ணு கலங்குறதா, பல்லைக் கடிக்கிறதான்னே தெரியலை.

ராஜாதித்தன் பக்கத்துலயும் ஒருத்தர் இருந்தார். கேரளத்துல பிறந்து, அவருக்கு நெருங்கின நண்பரா இருந்தவர். சண்டை நேரத்துல பக்கத்துல இல்லாம போய், கூடவே சாகக் கொடுத்து வைக்கலையேன்னு நொந்து, கங்கையில முழுகி, துறவியாகி, திருவொற்றியூர் மடத்துல சதுரானன பண்டிதர்ங்கிற பேரோட இருந்தார். அவர்தான் வெள்ளங்குமரன்னு சொல்றவங்களும் உண்டு. திருவொற்றியூர்க் கல்வெட்டுல இந்தக் கதையைப் படிச்சுட்டு நான் அடுத்த நாள் ஆபீஸ்ல ஒரு ஆணியும் புடுங்கலை.

ஆதகூர் கல் இப்போ பெங்களூர் அரசு மியூசியத்தோட சொத்து. ரிசார்ட் வேணாம், அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போய் இதைக் காட்டலாமேன்னு போன்ல முழுக் கதையையும் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு அப்பா சொன்னார்: "அது பாட்டுக்கு ராஜா வீட்டுல இருந்துச்சு. இவன் கேட்டு வாங்கிட்டுப் போயி பன்னிகிட்ட விட்டுட்டானே. அப்புறம் கல்லு வச்சு என்ன?"

எனக்குத் தோணவே இல்லை பாருங்க. நான் நாயைக் கேட்ட கையைப் பார்த்தேன், அப்பா நாயைப் பார்த்தார்.

பேச்சை மாத்த எடுத்தனூர்க் கல்லைப் பத்திச் சொன்னேன். அது காளிக்கும் முன்னூறு வருஷம் முன்னாடி. மகேந்திரவர்ம பல்லவரோட 34ஆம் ஆட்சி ஆண்டு. திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டுப் பக்கம். எருமைகளைக் காக்கப் போய் கருந்தேவகத்திங்கிறவன் செத்துப் போறான். அவன் நாய் ஓடிப் போகலை. கள்ளனைக் கடிச்சு, அவன் பக்கத்துலயே காவலா இருந்திருக்கு. அவனுக்கு வச்ச கல்லுல நாயையும் செதுக்கி, கோவிவன்னு அதோட பேரையும் வெட்டி வச்சிருக்காங்க.

போன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"தண்டராம்பட்டுன்னா இங்க இருந்து கார்லயே போயிட்டு சாயங்காலம் வந்துடலாமேடா?"

"வந்துடலாம்பா."

"அங்க மணியை உள்ள விடமாட்டேன்னு எவனும் சொல்லமாட்டான்ல?"

வர்ற ஞாயித்துக்கிழமை போறோம். மணிக்குக் கார்ல வாந்தி வரும்ங்கிறதால அம்மா பழைய போர்வையா ரெண்டு எடுத்து வச்சிருக்காங்களாம். ரிசார்ட்டுக்கு அக்கா பசங்க மட்டும் போறாங்க.