இருவேல்பட்டும் பதினைந்து மதிப்பெண்ணும்

1916-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் எல்லாம் விசாரித்து எழுதிவரச் சொன்னார். 1918-ல் அது புத்தகமாயிற்று. நமக்குப் பக்கத்திலிருக்கும் விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டும் அதில் உண்டு. 1936-37-ல் பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் பொறுப்பில் அதே ஊர்களை மறுபடி கணக்கெடுத்தார்கள். பிறகும் பலர் போனார்கள்.

2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு, ஆசிரியர் பதவி உயர்வுக்கு மதிப்பெண் வைத்தது. வல்லுநர்கள் பார்த்து ஏற்கும் ஏட்டில் கட்டுரை வந்தால் 15. பிறர் அதிகம் மேற்கோள் காட்டும் ஏடானால் இன்னும் கூடுதல். இருவேல்பட்டில் ஒரு வருஷம் வீடுவீடாக ஏறி இறங்கி எழுதினாலும் கட்டுரை ஒன்றுதான். ஆபீசில் கோப்பை எண்ணி வேலையை அளந்த காலத்தில், சுலபமான கோப்புகளே முதலில் மேஜையை விட்டு நகரும், நானும் நகர்த்தியிருக்கிறேன். இங்கே காசு வாங்கிக்கொண்டு அச்சிடும் ஏடுகள் பெருகின. 2019-ல் நல்ல ஏடுகளுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். 2025-ல் அதையும் கைவிட்டார்கள்.