பரல்

பருக்கைக் கல்லுக்குத் தமிழில் உள்ள பழைய பெயர் பரல். கன்னடத்தில் முதலெழுத்து ஹகரமாகி ‘ஹரளு’ ஆயிற்று. அங்கே கூழாங்கல்லும் அதுதான், மோதிரத்தில் பதிக்கும் மணியும் அதுதான். மலையாளத்தில் இன்று படிகத்துக்கே பரல் என்று பெயர். சிலம்புக்குள் இட்டு ஒலிக்கச் செய்வதும் பரலே. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல். கோவலன் கள்வனல்லன் என்பதை அந்த வேறுபாடே காட்டியது. சங்கப் பாலைப் பாடல்களிலோ வழிப்போக்கரின் காலை உறுத்துவது பரல். எவ்வளவு அழகான சொல், சரளையிடம் இடத்தைப் பறிகொடுத்துவிட்டதே!

அந்தச் சரளைமேல் இன்று சைக்கிளும் ஓடுகிறது. ஸ்பெயினில் கைவிடப்பட்ட ரயில் தடங்களை 1993 முதல் ‘வியா வெர்தே’, அதாவது பசுமை வழி, என்ற பெயரில் நடப்போருக்கும் சைக்கிள் ஓட்டுவோருக்கும் திறந்துவிட்டு வருகிறார்கள். தண்டவாளம் கிடந்த இடத்தில் பல ஊர்களில் இன்று இறுகிய சரளைதான். கார், லாரி கிடையாது. பஹ்ரைனின் ஈசா டவுனுக்குத் தெற்கே, சகீரைத் தாண்டிய பாலைவெளியிலும் சுண்ணாம்புப் பாறை உதிர்ந்த பரல் பரந்து கிடக்கிறது. அங்கே சைக்கிள் மிதிக்கும் தமிழர்கள் சரளைத் தரையில் ஓட்டும் ‘கிராவல் ரைடு’ என்பதைப் ‘பரல்வழி ஓட்டம்’ என்று சொல்லிப் பார்க்கலாம். சங்கப் பாலைக்கு உரிய சொல் அந்த மண்ணுக்கும் பொருந்தும்.