பிச்சாவரத்தின் கூப்புகள்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வடக்கில் வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் தெற்கில் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிநிலத்தில் பரவியுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடு தேய்ந்ததற்குக் கரையோரக் குடிகளின் விறகு வெட்டுதலும் மாடு மேய்த்தலுமே காரணம் என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. காட்டின் நிர்வாக வரலாற்றையும் அதன் மண்ணையும் சேர்த்துப் பார்த்தால் அக்குற்றச்சாட்டு பெரும்பாலும் நிற்பதில்லை.

இக்காட்டின் மரங்கள் ஒரே இயல்புடையவை அல்ல. கழியின் விளிம்பில் முட்டுவேர்களை ஊன்றி நிற்பது சுரபுன்னை. அதற்குப் பின்னே, சேற்றிலிருந்து மேல்நோக்கி நீளும் மூச்சுவேர்களோடு காட்டின் பெரும்பகுதியை நிரப்புவது வெண்கண்டல். சற்று மேடான இடங்களில் வளரும் தில்லை, கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும் பாலை உடையது. உதிருமுன் இலை சிவக்கும். நடராசர் கோயிலின் தலமரமாகிய இதனாலேயே சிதம்பரம் தில்லை எனப்பட்டது. ஆயினும் அம்மரம் இயல்பாக வளர்வதைக் காண இன்று பிச்சாவரத்துக்கே போக வேண்டியுள்ளது. மரங்களுக்கு அடியில் புல் அரிது. உப்பேறிய வெற்றுச் சேற்றில், மரம் விலகிய இடங்களில், உமரி மட்டுமே படரும்.

1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தை ஒட்டி வளர்ந்த வன நிர்வாகம் இங்குக் கூப்பு முறையைக் கையாண்டது. காட்டைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டில் உள்ள மரங்களை முழுதும் வெட்டியெடுத்து, இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் அது தானே தழைத்துவிடும் என்று எண்ணி அடுத்த துண்டுக்கு நகர்வதே அம்முறை. சில காடுகளுக்கு அது பொருந்தும். வட அமெரிக்க மலைகளின் ஆஸ்பென் மரத்தை அடியோடு வெட்டினால், வெயில் பட்ட வேர்களிலிருந்து கன்றுகள் கிளம்பி அடர்ந்துவிடுகின்றன. பிச்சாவரத்தில் தில்லையும் வெண்கண்டலும் வெட்டிய அடியிலிருந்து ஓரளவு துளிர்க்கும். முதிர்ந்த சுரபுன்னையோ துளிர்ப்பதில்லை. அதைவிடப் பெரிய கேடு மண்ணில் நேர்ந்தது. நிழல் போனதும் களிமண்ணின் ஈரம் ஆவியாகி, நிலம் சுருங்கித் தாழ்ந்து, கூப்புகள் தட்டுப்போலக் குழிந்தன. ஓதம் ஏறும்போது உள்ளே வந்த நீர், இறங்கும்போது வெளியேற வழியின்றித் தேங்கி வற்றியதால் உப்பு ஆண்டுதோறும் மிகுந்தது. அவ்வுப்பில் விழுந்த விதைகள் பிழைக்கவில்லை. 1934இல் மேட்டூர் அணை கட்டப்பட்ட பின் காவிரியின் நன்னீர் வரத்தும் குறைந்தது என்பதைச் சேர்த்துக் கொண்டால், அரிவாளும் ஆடுமாடும் இதில் எவ்வளவு சிறிய பங்கினர் என்பது விளங்கும்.

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறையோடும் சுற்றுக் கிராமத்தாரோடும் சேர்ந்து மேற்கொண்ட பணி இந்தக் காரணத்தையே குறிவைத்தது. கன்று நடுவதற்கு முன், குழிந்த நிலங்களில் ஒரு பெரிய வாய்க்காலையும் அதிலிருந்து மீன் முள்ளைப்போல இருபுறமும் பிரியும் கிளை வாய்க்கால்களையும் வெட்டி, ஓதநீர் வந்து திரும்ப வழி செய்தனர். உப்பு கழுவப்பட்டதும் வெண்கண்டல் பற்றிக் கொண்டது. முன்பு யாரை அழிப்பவர் என்றார்களோ, அவர்களே வாய்க்கால் வெட்டுவதிலும் கன்று காப்பதிலும் பங்கேற்றனர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடலூர்க் கரையை ஆராய்ந்தோர், மரச்செறிவுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைந்ததெனக் கண்டனர். கடலிலிருந்து ஊரின் தொலைவும் மேடும் அதற்குக் காரணமாகலாம் என மறுத்தவர்களும் உண்டு.

2022இல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. எனினும் வெட்டிய வாய்க்கால்களில் வண்டல் படிந்துகொண்டே இருப்பதால், அவற்றைத் தூர்வாருவதற்கான பணமும் ஆட்களும் ஒவ்வோர் ஆண்டும் தவறாது ஒதுக்கப்பட வேண்டும்.