மைனரும் மேஜரும்

போன ஆகஸ்டில் அமெரிக்காவிலிருந்து மகள் மூன்று படிவங்களை வாட்ஸப்பில் அனுப்பினாள். "அப்பா, நீங்க நாப்பது வருஷம் கோர்ட்டுல கெடந்தவங்க, இதக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க" என்றாள். பேரனுக்கு 18 முடிந்துவிட்டது, கல்லூரியில் சேர்கிறான். அவன் ஆஸ்பத்திரியில் படுத்தால் டாக்டர் தாயிடம் விவரம் சொல்லலாம் என்று ஒரு படிவம். மார்க்கைப் பெற்றோருக்குக் காட்டலாம் என்று கல்லூரிக்கு ஒன்று. மூன்றாவது, பவர் பத்திரம். அங்கே 1974-ல் வந்த ஒரு சட்டப்படி, பிள்ளை கல்லூரியில் கால் வைத்ததும் படிப்புப் பதிவேட்டின் மீதான உரிமை அவனுக்குப் போய்விடுகிறதாம். பெற்றவர்களுக்குப் பிள்ளை அனுமதி எழுதிக் கொடுக்கிற காகிதத்தை என் ஆயுசில் அன்றுதான் பார்த்தேன்.

நான் பாளையங்கோட்டையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவன். என் கையில் ஓடிய காகிதமெல்லாம் இதற்கு நேர் எதிர். 'மேற்படி மைனருக்காக அவனது தகப்பனாரும் கார்டியனுமாகிய' என்ற வரியை எத்தனை ஆயிரம் தடவை டைப் அடித்திருப்பேனோ!

இந்த 18 என்ற கணக்கு 1875-ல் வந்தது. அதற்கு முன் இந்துக்களுக்குச் சாஸ்திரப்படி பதினாறு. அது பதினாறாவது வயதின் தொடக்கமா முடிவா என்பதில் பண்டிதர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. வெள்ளைக்காரன் இந்திய மேஜாரிட்டி சட்டம் போட்டு எல்லோருக்கும் 18 என்றான். ஆனால் அதிலேயே ஒரு கொக்கி வைத்தான். கோர்ட்டு கார்டியன் நியமித்த பிள்ளைக்கும், சொத்து 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' என்ற சர்க்கார் நிர்வாகத்தின் கையில் இருக்கும் பிள்ளைக்கும் 21. அதாவது சொத்து பெரிதாக இருந்து தகப்பனும் இல்லாமல் போனால், மூன்று வருஷம் கூடுதலாகச் சின்னப்பிள்ளை.

அந்தக் கொக்கியில் மாட்டியவர்கள் ஜமீன் வாரிசுகள். ஜமீன்தார் செத்து மகன் சிறுவனாக இருந்தால் சர்க்கார் ஜமீனை எடுத்து நிர்வகிக்கும். பையனைப் படிக்க அனுப்பும். சென்னை தேனாம்பேட்டையில் நியூயிங்டன் என்ற பங்களாவில் இவர்களுக்கென்றே ஒரு கல்லூரி இருந்தது. 1919 அக்டோபரில் ஒரு ராத்திரி அதன் முதல்வர் டி லா ஹே சுட்டுக் கொல்லப்பட்டார். சந்தேகம் விழுந்தது அங்கே படித்த எங்கள் சீமைப் பிள்ளைகள் மேல்: சிங்கம்பட்டி, கடம்பூர் ஜமீன் வாரிசுகள். வழக்கு பம்பாய்க்கு மாறியது. யாருக்கும் தண்டனை இல்லை. அந்த வழக்குச் செலவில்தான் சிங்கம்பட்டி ஜமீன் கடனில் முழுகியது, அதனால்தான் 1929-ல் மாஞ்சோலைக் காட்டை பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது என்று அம்பாசமுத்திரம் பக்கம் இன்றும் சொல்வார்கள். இடுப்பில் வேட்டியும் கழுத்தில் சங்கிலியுமாகத் திரிகிறவனை 'மைனர்' என்கிறோமே, 'மைனர் செயின்' என்று நகைக்கடையில் கேட்கிறோமே, அந்தச் சொல் இந்த ஜமீன் பிள்ளைகளிடமிருந்து வந்ததுதான் என்பது என் கட்சி. சட்டத்தில் கையெழுத்துப் போடத் தகுதியில்லாதவன் என்று பொருள். தெருவில் கேள்வி கேட்பாரில்லாதவன் என்று பொருள்!

1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் அந்த 21 சட்டப் புத்தகத்தில் அப்படியே கிடந்தது. 1999-ல்தான் திருத்தி எல்லோருக்கும் 18 ஆக்கினார்கள். 124 வருஷம்.

எங்கள் ஆபீசுக்கு வந்தவர்கள் ஜமீன்தார்கள் அல்ல. புருஷன் செத்துப்போன தாய், பிள்ளையின் பங்கில் இருக்கும் பத்து சென்டை விற்றுக் கல்லூரிக்குப் பணம் கட்ட நினைப்பாள். 1956-ஆம் வருஷச் சட்டப்படி கோர்ட்டு அனுமதி இல்லாமல் மைனர் பங்கை விற்கக்கூடாது. அதற்கு ஜி.டபிள்யூ.ஓ.பி. என்ற கார்டியன் மனு போட வேண்டும். அனுமதி வருவதற்குள் அட்மிஷன் முடிந்துவிடும். அனுமதி இல்லாமல் வாங்கினவன் பாடும் திண்டாட்டம்தான். பையன் மேஜரானபின் மூன்று வருஷத்துக்குள் வந்து 'அந்தக் கிரயம் செல்லாது' என்று வழக்குப் போடலாம். அதனால் விவரமான ஆள் பையனுக்கு 18 ஆகும்வரை காத்திருந்து அவன் கையெழுத்தையும் வாங்கிக்கொள்வான். ஒரு பையனின் பிறந்த நாளை அவன் தாயைவிட நிலம் வாங்குகிறவன் நன்றாக நினைவு வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

18 ஆனால் பெற்றோர் கையெழுத்து நின்றுவிடுமா? நம் ஊரில் நிற்காது. 2009-ல் யு.ஜி.சி. ராகிங் தடுப்பு விதி கொண்டுவந்ததிலிருந்து மாணவனும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும், பெற்றோரும் தர வேண்டும். அப்போதெல்லாம் ஜூன் மாதம் கோர்ட்டு வாசல் டைப்பிங் கடைகளில் அப்பாவும் மகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு தாளை நிரப்புவார்கள். கல்விக் கடனுக்குப் போனாலும் அப்பா கையெழுத்து. ஓட்டுப் போடும் வயதை 1989-ல் 21-லிருந்து 18-க்கு இறக்கினோம். அந்த ஓட்டுக்காரனை ஹாஸ்டலில் விட்டுவரக் கூடவே கார்டியன் போகிறார்.

ஆனால் ஒரே ஓர் இடத்தில் சட்டம் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது பேங்க். சில வருஷத்துக்கு முன் ஒரு தகப்பனார் என்னைத் தேடி வந்தார். மகள் பேரில் டெபாசிட் போட்டிருந்தார். பீஸ் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மகளுக்கு 18 முடிந்தது புதன்கிழமை. வியாழக்கிழமை போனால் இவர் கையெழுத்து செல்லாது என்றுவிட்டார்கள். "அண்ணாச்சி, நான் போட்ட பணம். எம் பிள்ளை. மூணு நாள் முன்னால வந்திருந்தா கொடுத்திருப்பானாம். இது என்ன நியாயம்?" என்று மேஜையைத் தட்டினார். பிறந்த நாள் விடிவதற்கு முன்பே, நள்ளிரவிலேயே பிள்ளை மேஜர் என்று சட்டப் பிரிவைக் காட்டினேன். மகள் கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்தாள். அவளுடைய பான் கார்டில் போட்டோவும் இல்லை, கையெழுத்தும் இல்லை. மைனருக்குக் கொடுக்கும் கார்டு அப்படித்தான் இருக்கும். அதையும் மாற்றச் சொன்னார்கள். கடைசியில் தாமதக் கட்டணத்தோடு கட்டினார்.

பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதே அவன் பேரில் இருக்கும் பாஸ்புக்கை எடுத்துப் பிறந்த தேதியைப் பாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போய், மேஜரானதும் என்னென்ன காகிதம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.