அசாசைட்டிடின்: பிராக் நகரிலிருந்து எலும்பு மஜ்ஜை வரை

அசாசைட்டிடின் 1964இல் பிராக் நகரில் பிறந்தது. செக்கோஸ்லோவாக்கிய அறிவியல் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் அலோயிஸ் பிஸ்கலாவும் ஃபிரான்டிசெக் ஷோர்மும் அதைச் செய்தார்கள். டி.என்.ஏ.வில் உள்ள சைட்டோசினுக்கு அச்சு அசலான போலி அது. வளையத்தின் ஐந்தாம் இடத்தில் மட்டும் கார்பனுக்குப் பதில் நைட்ரஜன் இருக்கும். புற்றுநோய்ச் செல் ஏமாந்து இதை எடுத்துக்கொண்டு மடியும் என்று எதிர்பார்த்தார்கள்.

செல்கள் மடிந்தன. ஆனால் 1970களில் ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது, கடும் குமட்டலும் ரத்த அணுக்களின் சரிவும் அவர்களைப் படுத்தி எடுத்தன. அமெரிக்காவில் மருந்துக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை.

திருப்பம் எலிக்கருச் செல்களில் வந்தது. பீட்டர் ஜோன்ஸின் குழு வளர்ப்புத் தட்டில் இதைச் சிறிதளவு சேர்த்தது. நாட்கள் சென்றபின் நுண்ணோக்கியில் பார்த்தால், தசைக்குச் சம்பந்தமே இல்லாத அந்தச் செல்கள் நீண்ட தசை இழைகளாகித் துடித்துக்கொண்டிருந்தன. 1977இல் இது வெளியானது. காரணத்தை 1980இல் ஜோன்ஸும் ஷெர்லி டெய்லரும் விளக்கினார்கள். சைட்டோசினின் ஐந்தாம் இடத்தில் மெத்தில் தொகுதி ஏறினால் பல மரபணுக்களுக்குப் பூட்டு விழுகிறது. செல் பிரியும்போது புது இழையிலும் அந்தப் பூட்டை மாட்டுவது ஒரு நொதி. அது போலியைப் பற்றிய மாத்திரத்தில் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. புது இழையில் பூட்டு விழுவதில்லை.

பல புற்றுநோய்களில் கட்டிகளைத் தடுக்கும் மரபணுக்களே இப்படிப் பூட்டப்படுகின்றன. வயது ஏறும்போதும் மெத்தில் குறிகள் இடம் மாறுகின்றன. அவற்றை இடும் ஒரு நொதிக்கான டிஎன்எம்டி3ஏ என்ற மரபணுவில் பிழை விழுந்த ரத்தத் தண்டுச்செல்கள் முதியவர்களிடம் பெருகுகின்றன. எம்.டி.எஸ். என்னும் மஜ்ஜை நோய் பெரும்பாலும் முதியவர்களைத் தாக்குவதற்கு இத்தகைய பிழைகளும் ஒரு காரணம்.

அந்த நோய்க்குத்தான் 2004இல் அமெரிக்கா அசாசைட்டிடினுக்கு ஒப்புதல் அளித்தது. உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம் என்ற கணக்கில், தோலுக்கடியில் 7 நாட்கள் ஊசி. 28 நாளுக்கு ஒருமுறை இது தொடரும். ஊசி மருந்து முழுதும் கரையாமல் கலங்கலாக இருக்கும், அடியில் படியும். அதனால் போடுவதற்குச் சற்று முன் சிரிஞ்சை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே 30 விநாடி உருட்ட வேண்டும். நீரில் விரைவில் சிதைவதால் தாமதிக்கவும் கூடாது.

நோய் முற்றும் அபாயம் அதிகமுள்ள 358 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2009இல் வந்தது. வழக்கமான சிகிச்சையில் இடைநிலை ஆயுள் 15 மாதம், அசாசைட்டிடினில் 24.5 மாதம். பெரும்பாலானோருக்கு இது முழுக் குணம் தருவதில்லை. ஆனாலும் அந்த ஒன்பதரை மாதம் சிறிய லாபம் அல்ல.

இந்த மருந்து செல் பிரியும்போதுதான் வேலை செய்யும். ஆகவே பலன் தெரிய நாலைந்து சுற்றுகூட ஆகலாம். இரண்டாம் சுற்றிலேயே நம்பிக்கை இழந்து, மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிட வேண்டாம்.