கட்டப்பட்ட கை

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம். வலது கை மடியிலேயே கிடக்கும். சட்டைப் பொத்தான் போடுவது நான், ஊட்டுவது அம்மா. "நீங்க இருங்க, நான் பாத்துக்கிறேன்" என்பதுதான் எங்கள் வீட்டு வைத்தியம். அது கெடுதலும் செய்யும் என்று ஒரு பழைய ஆய்வைப் படித்தபோதுதான் தெரிந்தது.

1895இல் மோட், ஷெரிங்டன் என்ற இருவர் குரங்கின் ஒரு கையிலிருந்து வரும் உணர்வு நரம்புகளை மட்டும் வெட்டினார்கள். தசையை இயக்கும் நரம்புகளைத் தொடவில்லை. பொறியாளனாகச் சொன்னால், சென்சர் போச்சு, மோட்டார் நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்தவில்லை. உணர்வு இல்லாமல் அசைவில்லை என்று முடிவு கட்டினார்கள்.

பல பத்தாண்டுகள் கழித்து அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டவுப் நல்ல கையைக் கட்டிப்போட்டார். செத்ததாக நினைத்த கை உணவை எடுத்தது! தொடக்கத்தில் முயன்று முயன்று தோற்ற குரங்கு, 'இந்தக் கை உதவாது' என்று கற்றுக்கொண்டிருந்தது. பிறகு கை ஓரளவு தேறியும் அந்தப் பாடம் மறக்கவில்லை.

இந்த அறிவுக்கு விலை உண்டு. 1981இல் மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் டவுப்பின் ஆய்வுக்கூடத்தில் போலீஸ் நுழைந்து, அசுத்தமான கூண்டுகளிலிருந்து 17 குரங்குகளை மீட்டது. அவர்மீதான தண்டனை 1983இல் ரத்தானது. மத்திய அரசு நிதியில் நடந்த ஆய்வுக்கு மாநிலச் சட்டம் பொருந்தாது என்பதே காரணம். கூண்டுகள் சுத்தமாக இருந்தன என்பதல்ல. அக்குரங்குகளில் சிலவற்றின் மூளையைப் பிறகு அளந்து, 1991இல் முடிவை வெளியிட்டார்கள். கைக்குரிய பகுதி, முகத்தைத் தொட்டபோது துடித்தது. வேலையில்லாத இடத்தை மூளை பக்கத்து உறுப்புக்குக் கொடுத்திருந்தது.

அப்படியானால் வேலை கொடுத்தால்? 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேர் பங்கேற்றார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் இரண்டு வாரம் நல்ல கையில் உறை மாட்டி, முடங்கிய கைக்கே பயிற்சி கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் கை அதிகம் தேறியது. ஓராண்டுக்குப் பிறகும் அது நீடித்தது. ஆனால் மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது அசைபவர்களுக்குத்தான் இது.

அப்பாவுக்குக் கொஞ்சம் அசைகிறது. தெரபிஸ்ட்டிடம் கேட்டேன். பார்த்துவிட்டு, "செய்யலாம்" என்றார்.

நேற்று இடது கையில் அடுப்படிக் கையுறையை மாட்டிவிட்டோம். கரண்டி மூன்று முறை விழுந்தது. அம்மா எழுந்தார்.

"ம்மா, எடுத்துக் குடுக்காதீங்க."

"பாவம்டா" என்றார். ஆனாலும் உட்கார்ந்துகொண்டார்.

அப்பா நான்காவது முறையாகக் குனிந்தார்.